தேங்காய் எண்ணெய் ஏன் உறைகிறது?

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேலே ஏறி, சையது ஆல்வி சாலைப் பக்கம் நடந்தால் முஸ்தஃபா சென்டர் வந்துவிடும். அம்மா அப்பாவோடு போகும் பிள்ளைகள் பெரும்பாலும் மிட்டாய்ப் பக்கமும் பொம்மைப் பக்கமும்தான் இழுப்பார்கள். அடுத்த முறை போகும்போது எண்ணெய் அடுக்கியிருக்கும் வரிசையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், கடுகு எண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி, கனோலா, ஆலிவ், பாமாயில், அப்புறம் டின் டின்னாக நெய். நிறத்தில் கொஞ்சம் வேறுபாடு, மணத்தில் நிறைய வேறுபாடு. மற்றபடி எல்லாம் எண்ணெய்தானே என்று தோன்றும். குளிரில் வைத்துப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

தமிழ்நாட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக உறைந்துபோகும். போத்தலை வெயிலில் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தடவ முடியும். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரி செல்சியசை ஒட்டி உருகுகிறது. இந்த ஊரில் இரவில்கூட வெப்பநிலை அதற்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்கும். அதனால் போத்தலில் அது எந்நேரமும் தண்ணீர்போல ஓடுகிறது. ஆனால் ஏர்கானை 22-இல் வைத்துத் தூங்குகிற அறையில் போத்தலை விட்டுவையுங்கள். விடிந்ததும் உங்கள் வீட்டிலும் மார்கழிதான்.

இதையே ஒரு சோதனையாகச் செய்யலாம். சின்னக் கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி அளவு தேங்காய் எண்ணெய், உருக்கிய நெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் என்று ஊற்றுங்கள். வீட்டில் இருப்பது போதும், இதற்காகப் புதுப் போத்தல் வாங்கச் சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டாம். பெயரை எழுதி ஒட்டிவிட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். மேலே ஐஸ் கட்டி வைக்கும் பகுதி வேண்டாம். கீழ்த் தட்டில் சுமார் 4 டிகிரி இருக்கும். ஓர் இரவு போகட்டும்.

காலையில் தேங்காய் எண்ணெய் கல்லாகியிருக்கும், கரண்டியால் தட்டினால் சத்தம் கேட்கும். நெய்யும் இறுகியிருக்கும். கடலை எண்ணெய் மங்கலாகிக் கெட்டிப்படத் தொடங்கியிருக்கலாம். நல்லெண்ணெயும் சூரியகாந்தியும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே குளிர், ஒரே இரவு. ஏன் இந்த வேறுபாடு?

எண்ணெயோ நெய்யோ, எல்லாக் கொழுப்பும் கொழுப்பு அமிலங்களால் ஆனது. இதை முதலில் பிரித்துக் காட்டியவர்களில் பெரியவர் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். விலங்குக் கொழுப்புகளை ஆராய்ந்து 1823-இல் ஒரு நூலே எழுதினார். அவர் 1786-இல் பிறந்து 1889 வரை, 102 வயது வாழ்ந்தார். கொழுப்பை ஆராய்ந்ததால் அத்தனை வயதா என்று என்னைக் கேட்காதீர்கள்!

கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. கார்பன்களின் பக்கவாட்டில் ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டியிருக்கும். ஒட்டக்கூடிய இடமெல்லாம் ஹைட்ரஜன் நிரம்பிவிட்டால் அது நிறைவுற்ற கொழுப்பு. அந்தச் சங்கிலி நேராக நீண்டிருக்கும். சில இடங்களில் ஹைட்ரஜன் குறைந்து, அங்கே இரண்டு கார்பன்கள் தமக்குள் இரட்டைக் கைகோத்துக்கொண்டால் அது நிறைவுறாக் கொழுப்பு. தாவர எண்ணெய்களில் அந்த இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் சங்கிலி வளைந்துவிடும்.

வீட்டில் ஈர்க்குமாறு இருந்தால் நாலைந்து ஈர்க்குச்சிகளை உருவிக்கொள்ளுங்கள். நேரான குச்சிகளைச் சேர்த்துப் பிடித்தால் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று நெருங்கிக் கட்டாகிவிடும். ஒவ்வொன்றையும் நடுவில் லேசாக ஒடித்து வளைத்துவிட்டு அதே மாதிரி கட்டிப் பாருங்கள். இங்கொன்று துருத்தும், அங்கொன்று விலகும். நிறைவுற்ற கொழுப்பின் மூலக்கூறுகள் நேரானவை. நெருங்கி அடுக்கிக்கொள்ளும், அதனால் எளிதில் உறையும். வளைந்தவை நெருங்க முடியாமல் விலகியே நிற்கும், அதனால் குளிரிலும் ஓடும்.

இந்த வளைவுக்கு எவ்வளவு ஆற்றல் என்று எண்களில் பார்க்கலாம். ஸ்டியரிக் அமிலத்தில் 18 கார்பன்கள், வளைவே கிடையாது. அது உருக 69 டிகிரி வேண்டும். ஓலிக் அமிலத்திலும் அதே 18 கார்பன்கள்தான். நடுவில் ஒரே ஒரு வளைவு. அது சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிடும். ஒரு வளைவுக்கு ஐம்பது டிகிரிக்கு மேல் வேறுபாடு! ஆலிவ் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இந்த ஓலிக் அமிலம் நிறைய உண்டு.

கூர்மையான பிள்ளை ஒருவர் இங்கே கையைத் தூக்குவார். "தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் 60 விழுக்காட்டை ஒட்டித்தான். அப்படியானால் தேங்காய் எண்ணெய் உருகத்தானே நெய்யைவிட அதிகச் சூடு வேண்டும்?" சரியான கேள்வி. தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் நேரானவைதான், ஆனால் குட்டையானவை. அதில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம், 12 கார்பன்தான். குட்டைச் சங்கிலிகளைப் பிரிக்கக் குறைந்த வெப்பமே போதும். ஆகவே வளைவும் கணக்கு, நீளமும் கணக்கு.

இனி கதையில் ஒரு திருப்பம். 1902-இல் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர் ஒரு காப்புரிமை கோரினார். நீர்ம எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் தூளின் உதவியோடு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் வளைந்த சங்கிலிகளில் ஹைட்ரஜன் ஏறி அவை நேராகின்றன. எண்ணெய் கெட்டிக் கொழுப்பாகிவிடுகிறது. மலிவான எண்ணெயிலிருந்து நெய்போல ஒன்று! இந்தியாவில் 1937-இல் வந்த டால்டா இந்த வழியில் செய்ததுதான். உங்கள் தாத்தா பாட்டிக்கு அந்தத் தென்னைமரம் போட்ட டின் நன்றாக நினைவிருக்கும். நெய் வாங்க வசதியில்லாத வீடுகளில் தீபாவளிப் பலகாரம் அதில்தான் வெந்தது. பிஸ்கட்டு, கேக்கு செய்கிறவர்களுக்கும் இது பிடித்துப்போயிற்று. சீக்கிரம் சிக்கு வாடை வராது, மொறுமொறுப்பும் கிடைக்கும்.

சிக்கல் என்னவென்றால், ஹைட்ரஜன் ஏற்றும் வேலையைப் பாதியில் நிறுத்தினால் சில சங்கிலிகளில் ஹைட்ரஜன் ஏறாமலே வளைவு மட்டும் நிமிர்ந்துவிடுகிறது. பெயருக்கு நிறைவுறாக் கொழுப்பு, வடிவத்தில் ஏறக்குறைய நேர்கோடு. இதுதான் டிரான்ஸ் கொழுப்பு. ஓலிக் அமிலத்தின் வளைவு இப்படி நிமிர்ந்தால் உருகுநிலை 13-இலிருந்து 44 டிகிரிக்குப் போய்விடும். அணு ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. வடிவம் மட்டும்தான் மாறியது.

அந்த வடிவ மாற்றத்தை உடல் கண்டுகொண்டது. நெதர்லாந்தைச் சேர்ந்த மென்சிங்க், காட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லை ஏற்றி, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லை இறக்குவது தெரிந்தது. ஏறக் கூடாதது ஏறி, இறங்கக் கூடாதது இறங்கியது. ஆனாலும் சட்டங்கள் மெதுவாகத்தான் வந்தன. டென்மார்க் 2003-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. சிங்கப்பூர் 2013-இல் 100 கிராம் எண்ணெய் அல்லது கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் டிரான்ஸ் கூடாது என்றது. 2021 ஜூனில், பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்க்கே தடை போட்டது. இந்தியாவில் 2 விழுக்காடு வரம்பு 2022 ஜனவரியில் வந்தது. ஆகவே இன்று இங்கே நீங்கள் சாப்பிடும் கறி பஃபுக்கும் உங்கள் அப்பா உங்கள் வயதில் சாப்பிட்ட கறி பஃபுக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய வேறுபாடு இருக்கலாம்.

இங்கே ஒரு தவறான பேச்சைத் தீர்த்துவிட வேண்டும். "ஃபிரிட்ஜில் உறையும் எண்ணெய் இரத்தக் குழாயிலும் அப்படியே உறைந்து அடைத்துக்கொள்ளும்" என்று பெரியவர்களே சொல்வார்கள். கைத்தொலைபேசியில் காணொளியாகக்கூட வரும். நம்பாதீர்கள். நம் உடல் சூடு 37 டிகிரி. அந்தச் சூட்டில் தேங்காய் எண்ணெய் ஓடும், நெய்யும் உருகும். போதாததற்கு, தின்ற கொழுப்பு அப்படியே குழாய்க்குள் போவதில்லை. குடலில் பித்தநீரும் நொதிகளும் அதை உடைத்த பிறகுதான் உடல் எடுத்துக்கொள்கிறது.

உண்மையில் நடப்பது இதைவிடச் சுவையானது. கொழுப்பும் கொலஸ்ட்ராலும் நீரில் கரையாது, இரத்தமோ பெரும்பகுதி நீர். அதனால் உடல் அவற்றைப் புரதத்தோடு சேர்த்துச் சிறு துகள்களாக்கி இரத்தத்தில் அனுப்புகிறது. எல்டிஎல் அப்படிப்பட்ட ஒரு துகள். ஈரலின் செல்களில் எல்டிஎல் ஏற்பிகள் உண்டு. அவை துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்யும். இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்கர்களுக்கு 1985-இல் நோபெல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பை அதிகமாகச் சாப்பிட்டால் இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. பிடிபடாத எல்டிஎல் இரத்தத்தில் கூடுதல் நேரம் சுற்றி, குழாயின் சுவருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புகுந்து தங்குகிறது. இது ஒரு நாளில், ஒரு தட்டு நாசி லெமாக்கில் நடப்பதில்லை. பல பத்தாண்டுகள் எடுக்கும். உங்கள் ஃபிரிட்ஜ் சோதனை சங்கிலியின் வடிவத்தைக் காட்டும் துப்பு, அவ்வளவுதான். குழாய்க்குள் நடப்பதைக் காட்டும் படம் அல்ல.

எண்ணெயை மாற்றினால் மக்களின் இரத்தம் மாறுமா? ஒரு தீவே சேர்ந்து இதைச் செய்து பார்த்திருக்கிறது. தமிழர்களும் தலைமுறைகளாக வாழும் மொரிஷியஸ் அது. அங்கே மக்களுக்கு மலிவு விலையில் கிடைத்த சமையல் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில், அதில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. 1987-இல் அரசாங்கம் அதை மாற்றி, பெரும்பாலும் சோயா எண்ணெயாக்கியது. 1992-இல் மறுபடி சோதித்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் 5.5-இலிருந்து 4.7-ஆக இறங்கியிருந்தது. மருத்துவர் அறிக்கையில் மில்லிமோல் என்று போட்டிருப்பார்களே, அந்த அளவில். எண்ணெய் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, வேறு பழக்கங்களும் மாறியிருந்தன. ஆனால் எண்ணெயின் பங்கு பெரியது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

நம் ஊருக்கு இது வெறும் கதை இல்லை. சிங்கப்பூரில் பிணப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்த டாக்டர் தனராஜும் அவருடைய குழுவினரும் 1959-இலேயே எழுதினார்கள்: இதயக் குழாய் அடைப்பு இங்குள்ள சீனர்களைவிட இந்தியர்களிடம் மிக அதிகம். அதற்கு எண்ணெயை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. நீரிழிவு, புகைபிடித்தல், உடலுழைப்புக் குறைவு, பரம்பரை எல்லாம் கூட்டாளிகள். ஆனால் நம் வீட்டில் தாத்தாவோ மாமாவோ கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால், சமையலறை எண்ணெயைப் பற்றி நாம் பேசத்தான் வேண்டும்.

சரி, கொழுப்பே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி 1929-இல் எலிகளுக்குக் கொழுப்பு துளியும் இல்லாத உணவு கொடுத்துப் பார்த்தார்கள். மற்றச் சத்தெல்லாம் இருந்தது. எலிகளின் வாலில் செதில் செதிலாகத் தோல் உரிந்தது, வளர்ச்சி நின்றது. சில கொழுப்பு அமிலங்களை உடலால் செய்துகொள்ளவே முடியாது, உணவில்தான் வர வேண்டும் என்று அப்போது தெரிந்தது. உங்கள் மூளையிலிருந்து நீரை நீக்கிவிட்டால் மிஞ்சுவதில் பாதிக்கு மேல் கொழுப்புவகைப் பொருள்தான். "கொழுப்பு பிடித்தவன்" என்று யாராவது திட்டினால் இதைச் சொல்லுங்கள். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் கொழுப்பில்தான் கரையும். கீரைக் கூட்டில் பாட்டி ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொட்டுவது மணத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கீரையிலுள்ள கரோட்டினை உடல் எடுத்துக்கொள்ள அந்த எண்ணெய் உதவுகிறது.

வளைவுகளில் மன்னன் யார் என்றால் மீன். தேக்கா சந்தையில் மத்தி, கானாங்கெளுத்தி இருக்கும் தட்டைப் பாருங்கள். இவற்றின் கொழுப்பில் டிஎச்ஏ என்ற அமிலம் உண்டு. 22 கார்பன், ஆறு வளைவு. அது உருக 44 டிகிரி போதும், ஆனால் சுழியத்துக்குக் கீழே 44! குளிர்ந்த கடலிலும் மீனின் செல்கள் விறைக்காமல் இருக்க இந்த வளைவுகள் உதவுகின்றன. நம் மூளையிலும் கண்ணின் விழித்திரையிலும் இதே டிஎச்ஏ இருக்கிறது. விலை உயர்ந்த சால்மன்தான் வேண்டும் என்பதில்லை, மத்தி போதும்.

இனி பரோட்டாக் கடை. சிராங்கூன் சாலைப் பக்கம் கடை ஏதாவது ஒன்றில் அண்ணன் பரோட்டா போடுவதை அருகிலிருந்து கவனியுங்கள். மாவு உருண்டைகள் எண்ணெய் பூசிக்கொண்டு தட்டில் ஊறுகின்றன. ஓர் உருண்டையை எடுத்து எண்ணெய்க் கையால் தட்டி, வீசி விரிக்கிறார். அடியில் இருக்கும் மேசை தெரியும் அளவுக்கு மாவு மெலிகிறது. அதன்மேல் மறுபடி கொழுப்பு தெளித்து, மடித்து, சுருட்டிக் கல்லில் போடுகிறார். அடுக்குகளுக்கு நடுவே கொழுப்பு இருப்பதால் அவை ஒட்டுவதில்லை. மாவிலுள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்குகிறது. கடைசியில் இரண்டு கையாலும் அடித்து உதிர்க்கும்போது இதழ் இதழாகப் பிரிகிறது. கொழுப்பை எடுத்துவிட்டால் அது பரோட்டா இல்லை, சப்பாத்தி. ஆகவே "எண்ணெய் இல்லாமல் ஒரு பரோட்டா" என்று அண்ணனிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். பரோட்டாவைப் பரோட்டாவாகவே சாப்பிடுங்கள், தினமும் வேண்டாம். மற்ற நாளில் இட்லி இருக்கிறது, அதில் கொழுப்பு சொற்பம்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 தான். ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 40 கலோரி. ஆலிவ் என்றால் குறைவு, பாமாயில் என்றால் கூடுதல் என்பதெல்லாம் இல்லை. இத்தனை ஆற்றல் அடங்கியிருப்பதால்தான் எண்ணெய் விமானத்தையும் பறக்கவைக்கிறது. இன்று துவாஸில் உள்ள ஓர் ஆலை, பொரித்துப் பழையதான சமையல் எண்ணெயையும் பயன்படுத்தி விமான எரிபொருள் தயாரிக்கிறது.

மறுபடியும் கடை வரிசைக்கு வருவோம். சில தாவர எண்ணெய்ப் போத்தல்களில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். கொலஸ்ட்ரால் விலங்குகளிடமிருந்து வருவது. தாவர எண்ணெய் எதிலுமே அது சொல்லும்படியாக இருக்காது, பாமாயிலிலும் தேங்காய் எண்ணெயிலும்கூட. போத்தலைத் திருப்பிப் பின்பக்கச் சத்துப் பட்டியலில் 'சாச்சுரேட்டட் ஃபேட்' என்ற வரியைப் படியுங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. 100 கிராமுக்குக் கனோலாவில் 7 கிராம், சூரியகாந்தியில் 11, நல்லெண்ணெயில் 14 அல்லது 15, கடலை எண்ணெயில் 17 முதல் 20, பாமாயிலில் 50-ஐ ஒட்டி இருக்கும். அன்றாடச் சமையலுக்கு முதல் நான்கில் ஒன்று நல்லது என்பது என் தீர்ப்பு. தேங்காய் எண்ணெயும் நெய்யும் மணத்துக்கு, கொஞ்சமாக.

பானங்களில் நியூட்ரி-கிரேட் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். ஏ, பி, சி, டி. சர்க்கரையை மட்டும் பார்த்து அந்த எழுத்தைக் கொடுப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். நிறைவுற்ற கொழுப்பும் கணக்கில் உண்டு. பானத்தின் 100 மில்லிலிட்டரில் அது 2.8 கிராமைத் தாண்டினால், சர்க்கரையே போடாவிட்டாலும் டிதான். இதே எழுத்துகள் 2027-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சமையல் எண்ணெய்ப் போத்தல்களுக்கும் வரும் என்று சுகாதார அமைச்சு 2024-இல் அறிவித்திருக்கிறது. எண்ணெயில் எழுத்தைத் தீர்மானிக்கப்போவது நிறைவுற்ற கொழுப்பு. உங்கள் வீட்டு எண்ணெய்க்கு எந்த எழுத்து கிடைக்கும் என்று இப்போதே ஊகித்து எழுதி, அதே போத்தலின் அடியில் ஒட்டிவையுங்கள்.